கட்சி மாறும் எம்.எல்.ஏ. பதவியையும் விட்டால் என்ன ஆகும்?

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. பதவிக்காலத்தின் நடுவில் கட்சி மாறினார். அதே நாளில் எம்.எல்.ஏ. பதவியையும் ராஜினாமா செய்தார். புதுக் கட்சிக்காரர்கள் அவரை மானஸ்தர் என்கிறார்கள், பழைய கட்சிக்காரர்கள் துரோகி என்கிறார்கள். ஒரே ஒருவர் விலகுவதால் அரசியலில் நிஜமாக ஏதாவது மாறுமா, இல்லை நாலு நாள் செய்தியோடு முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "ஓட்டுப் போட்ட எங்களுக்கு இதில் என்ன இடம்?" என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். மற்ற கேள்விகளைவிட அந்த வரிதான் உங்களை எழுத வைத்தது என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

நான் வக்கீல் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் சட்டமன்றச் செய்தியாளராக வேலை பார்த்தவன். சட்ட நுணுக்கத்தில் எனக்குத் தெரிந்தது தீர்ப்புகளைப் படித்தும், செயலக அதிகாரிகளிடம் கேட்டும் கற்றுக்கொண்டது. ஒருவர் மனதுக்குள் என்ன நினைத்து ராஜினாமா செய்தார் என்பதை என்னாலும் சொல்ல முடியாது, வேறு யாராலும் நிரூபிக்கவும் முடியாது. பணம் கைமாறியது என்று ஒவ்வொரு முறையும் பேச்சு வரும். நீதிமன்றத்தில் நிரூபணம் ஆகாத வரை அது வெறும் பேச்சுதான். அதனால் அந்தப் பக்கம் போகாமல், தேதி, எண்ணிக்கை, சட்டப்பிரிவு, தேர்தல் முடிவு என்று கையில் பிடிக்க முடிந்த விஷயங்களை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

ஏன் பதவியையும் சேர்த்து விடுகிறார்கள் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று தடவை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற சொலவடை அங்கிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் கட்சி மாறினால் பதவி போகாது. 1985இல் 52ஆவது திருத்தம் வந்து, அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்பது இதுதான். தான் ஜெயித்த கட்சியின் உறுப்பினர் பதவியைத் தானாக விட்டுக்கொடுத்தால் எம்.எல்.ஏ. பதவி பறிபோகும் என்பது அதன் முதல் விதி. கட்சியிலிருந்து விலகுகிறேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் குற்றம் என்று இல்லை, நடத்தையை வைத்தே முடிவு செய்யலாம் என்று 1994இல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆரம்பத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் 'பிளவு' என்று தப்பிக்கலாம். 2003இல் வந்த 91ஆவது திருத்தம் அந்தக் கதவையும் சாத்தியது. இப்போது மிச்சம் இருப்பது, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து வேறு கட்சியோடு இணைவது மட்டும்தான்.

ஆக, தனி ஆளாகவோ நாலைந்து பேராகவோ போகிறவருக்கு இந்தப் பதவி எப்படியும் நிலைக்காது. அவராக விட்டால் ராஜினாமா, சபாநாயகர் எடுத்தால் தகுதிநீக்கம். பதவி போவது இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் பின்விளைவு ஒன்றில்லை. தகுதிநீக்கம் ஆனவர், அரசியலமைப்பின் 164ஆவது பிரிவில் 2003இல் சேர்த்த உட்பிரிவின்படி, பதவிக்காலம் முடியும் வரையோ மறுபடி தேர்தலில் நின்று ஜெயிக்கும் வரையோ அமைச்சராக முடியாது. ராஜினாமா ஏற்கப்பட்டவருக்கு அந்தத் தடை இல்லை. எம்.எல்.ஏ.வாக இல்லாமலே ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம். ராஜினாமா கடிதத்தை சபாநாயகர் ஏற்கும் முன்பே பழைய கட்சி அவசரமாகத் தகுதிநீக்க மனு கொடுப்பதும், விலகியவர் "முதலில் என் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று உச்ச நீதிமன்றம் வரை ஓடுவதும் இதனால்தான்.

அந்தக் கடிதத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும். இன்ன தொகுதி உறுப்பினராகிய நான் இன்ன தேதி முதல் என் பதவியை ராஜினாமா செய்கிறேன், கீழே கையெழுத்து, அவ்வளவுதான். காரணம் எழுத வேண்டியதில்லை. இரண்டு பக்கம் குமுறலாக எழுதிக்கொண்டு வந்தவர்களிடம் செயலகத்தில் பொறுமையாக ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, இரண்டு வரி போதும் ஐயா என்று சொல்லி, திருப்பி எழுத வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் அந்தக் கடிதத்தைக் கொடுத்த உடனே பதவி போய்விடும். 1974இல் குஜராத்தில் மாணவர் போராட்டத்தின்போது எம்.எல்.ஏ.க்களை மிரட்டி ராஜினாமா வாங்கினார்கள். அதற்குப் பிறகு 33ஆவது திருத்தம் வந்தது. சொந்த விருப்பத்தில் எழுதியதா, உண்மையானதா என்று சபாநாயகர் விசாரித்துத் திருப்தி அடைந்தால்தான் ஏற்கலாம். மிரட்டலுக்கு எதிராகக் கொண்டுவந்த அந்தப் பாதுகாப்பு, இன்றைக்கு நாள் கடத்தவும் பயன்படுகிறது.

சரி, ஆட்சிக்கு என்ன ஆகும்? இதைப் புதுச்சேரியை வைத்துச் சொல்வதுதான் எளிது. சின்னச் சட்டமன்றம், விரல் விட்டு எண்ணிவிடலாம். 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 3 பேர் மத்திய அரசு நியமித்தவர்கள், மொத்தம் 33. 2021 ஜனவரி ஆரம்பத்தில் ஒரு இடம் காலி. பாகூர் காங்கிரஸ் உறுப்பினர் முந்தைய ஆண்டே தகுதிநீக்கம் ஆகியிருந்தார். மீதி 32இல் முதல்வர் நாராயணசாமி பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 18 பேர்: காங்கிரஸ் 14, தி.மு.க. 3, மாஹே சுயேச்சை ஒருவர். எதிரே என்.ஆர். காங்கிரஸ் 7, அ.தி.மு.க. 4, பா.ஜ.க. நியமன உறுப்பினர்கள் 3, மொத்தம் 14.

ஜனவரி 25 அன்று அமைச்சர் நமச்சிவாயமும் தீப்பாய்ந்தானும் ராஜினாமா செய்தார்கள். பிப்ரவரி நடுவில் மல்லாடி கிருஷ்ணாராவ், ஜான்குமார். பிப்ரவரி 21 அன்று காங்கிரஸின் லட்சுமிநாராயணன், தி.மு.க.வின் வெங்கடேசன். மறுநாள் காலை நம்பிக்கை வாக்கெடுப்பு. அன்று என் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது இன்னும் இருக்கிறது. இடது பக்கம் 18 என்று எழுதி, ஒவ்வொரு பெயராக அடித்து, கடைசியில் 12. வலது பக்கம் முதலிலும் 14, கடைசியிலும் 14. எதிர்க்கட்சி வரிசையில் ஒரு நாற்காலிகூடக் கூடவில்லை, ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, ஆனாலும் ஆட்சி போய்விட்டது. நாராயணசாமி பேசிவிட்டு வாக்கெடுப்புக்கு முன்பே வெளிநடப்புச் செய்தார். தீர்மானம் தோற்றதாக சபாநாயகர் சிவக்கொழுந்து அறிவித்தார்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் அந்த நோட்டுப் பக்கம்தான். கட்சி தாவுவது ஒரு தலையை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பது. ராஜினாமா மொத்தத் தலைகளைக் குறைப்பது. மொத்தம் குறைந்தால் பெரும்பான்மைக்கு வேண்டிய எண்ணும் குறையும், அதனால் மக்கள் கொடுக்காத பெரும்பான்மை ஒரு கட்சிக்குத் தானாக வந்து சேரும். இதற்கு மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. கட்சித் தாவலைத் தடுக்க எழுதிய சட்டம் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. மத்திய அரசு நியமித்த மூன்று பேர் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடியவர் இதே லட்சுமிநாராயணன்தான். 2018 டிசம்பரில் அந்த நியமனம் செல்லும், அவர்கள் ஓட்டும் போடலாம் என்று தீர்ப்பு வந்தது. அவர் எதிர்த்து நின்ற மூன்று ஓட்டும், அவருடைய சொந்த ராஜினாமாவும் சேர்ந்துதான் 2021 பிப்ரவரியில் அந்தக் கணக்கை முடித்தன. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு மனிதர் மூன்று வருடத்தில் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு வந்து நிற்க முடிகிறது என்பதைப் பார்த்து எனக்கு அன்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

பெரிய மாநிலங்களிலும் இதே கதைதான். கர்நாடகத்தில் 2019 ஜூலையில் காங்கிரஸ், மதச்சார்பற்ற ஜனதா தளம் கூட்டணியிலிருந்து பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் கடிதம் கொடுத்தார்கள். மும்பையில் தங்கியிருந்தவர்கள், மாலை ஆறு மணிக்குள் சபாநாயகர் முன் ஆஜராக வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவுக்காக ஜூலை 11 அன்று பெங்களூருவுக்கு விமானத்தில் வந்தார்கள். சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவின் வராண்டாவில் ஒரு உறுப்பினர் சபாநாயகர் அறையை நோக்கி ஓடியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. இரண்டு வரிக் கடிதத்துக்கு அத்தனை பெறுமதி. ஜூலை 23 அன்று குமாரசாமி அரசு 99க்கு 105 என்று தோற்றது. சபாநாயகர் ரமேஷ்குமார் கடிதங்களை ஏற்காமல் 17 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். பதவிக்காலம் முடியும்வரை தேர்தலில் நிற்கவும் கூடாது என்றார். தகுதிநீக்கம் சரி, ஆனால் தேர்தலில் நிற்கத் தடை போடும் அதிகாரம் சபாநாயகருக்குக் கிடையாது என்று நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்த ஆண்டு மத்தியப் பிரதேசம். 2020 மார்ச் 10 அன்று ஜோதிராதித்ய சிந்தியா காங்கிரஸை விட்டார், அவர் பக்கம் 22 எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா. 228 ஆக இருந்த சபை 206 ஆனது. பெரும்பான்மைக்கு 104 போதும், பா.ஜ.க.விடம் 107 இருந்தது. வாக்கெடுப்புக்குக் காத்திராமல் மார்ச் 20 அன்று காங்கிரஸ் முதல்வர் கமல்நாத் விலகினார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ராஜினாமாவுக்கும் தகுதிநீக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். மத்தியப் பிரதேசத்தில் கடிதங்கள் ஏற்கப்பட்டன. விலகியவர்களில் 14 பேர் எம்.எல்.ஏ.வாக இல்லாமலே அந்த ஆண்டே அமைச்சர்கள் ஆனார்கள். கர்நாடகத்தில் தகுதிநீக்கம் ஆனதால், ஜெயித்து வந்த பிறகுதான், 2020 பிப்ரவரியில்தான் பத்துப் பேருக்குப் பதவி கிடைத்தது. அங்கே ஹுன்சூரில் தோற்ற எச். விஸ்வநாத்தை மேலவைக்கு நியமித்துப் பார்த்தார்கள். நியமனம் தேர்தல் ஆகாது, அவர் அமைச்சராக முடியாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. ஆக, சபாநாயகர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும், அவர் எந்தக் காகிதத்தில் முதலில் கையெழுத்துப் போடுகிறார் என்பதும் ஒருவருடைய அடுத்த இரண்டு வருடத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த எண்ணைக் குறைக்கும் வேலையை மறுபக்கமிருந்தும் செய்யலாம். தமிழ்நாட்டில் 2017இல் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு கொடுத்த 18 அ.தி.மு.க. உறுப்பினர்கள் ராஜினாமா செய்யவில்லை. செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார். சபையின் பலம் குறைந்தது, ஆட்சி நிலைத்தது. புதுச்சேரியில் ஆட்சியைக் கவிழ்த்த அதே கழித்தல், சென்னையில் ஆட்சி நிலைக்கத் துணை நின்றது.

ஆட்சி கவிழாத இடத்தில் ராஜினாமாவுக்கு ஒரு பலனும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மாநிலத்தில் ஆளும் கட்சிக்கு நல்ல பெரும்பான்மை இருக்கிறது, ஒருவர் போவதால் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். ஆட்சியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் 2016ஐ நினைத்துப் பாருங்கள். 2011இல் தே.மு.தி.க. 29 இடம் ஜெயித்து, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். பண்ருட்டி ராமச்சந்திரன் 2013 டிசம்பரில் ஆலந்தூர் பதவியை விட்டதும் 28. இதற்கிடையில் எட்டுப் பேர் 2012 முதலே ஒவ்வொருவராக முதல்வர் ஜெயலலிதாவைச் சந்தித்து வெளிப்படையாக எதிர்ப்பக்கம் நின்றார்கள், ஆனால் பதவியை விடவில்லை. 2016 பிப்ரவரி 21 அன்று அந்த எட்டுப் பேரும், பா.ம.க., புதிய தமிழகம் கட்சிகளைச் சேர்ந்த இருவரும் சேர்ந்து ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். தே.மு.தி.க.வின் பலம் 20. எதிர்க்கட்சித் தலைவர் தகுதிக்கு 234இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 வேண்டும். அன்றே அந்தத் தகுதி போயிற்று. ஆட்சிப் பக்கம் ஒரு மாற்றமும் இல்லை, எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி மட்டும் காணாமல் போனது.

மாநிலங்களவைத் தேர்தலிலும் இப்படித்தான். அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் எம்.எல்.ஏ.க்கள். 2020இல் குஜராத்தில் மார்ச்சிலும் ஜூனிலுமாக எட்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் விலகினார்கள். ஜூன் 19 தேர்தலில் நான்கு இடத்தில் மூன்று பா.ஜ.க.வுக்குப் போனது. எட்டுக் கடிதம், ஆறு வருட எம்.பி. பதவி ஒன்று.

இனி, விலகியவருக்கு என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். இதுவரை சொன்னது உறுதியானது. இங்கிருந்து என் கணிப்பும் கலக்கும். கர்நாடகத்தில் 2019 டிசம்பர் 5 அன்று 15 தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது, 12இல் பா.ஜ.க. வென்றது. மத்தியப் பிரதேசத்தில் 2020 நவம்பரில் 28இல் 19. குஜராத்தில் எட்டில் எட்டு. இதைப் பார்த்துவிட்டு, மக்கள் கட்சி மாறுகிறவர்களை மன்னித்துவிடுகிறார்கள் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மூன்று இடத்திலும் விலகியவர் போய்ச் சேர்ந்தது ஆளும் கட்சியில், அல்லது அவர் விலகியதாலேயே ஆளும் கட்சியாகிவிட்ட கட்சியில். இடைத்தேர்தல் என்றாலே நம் ஊர்களில் ரோடு, தண்ணீர்த் தொட்டி, பாலம் எல்லாம் ஒரே மாதத்தில் பேச்சுக்கு வரும். ஆளும் கட்சியை ஜெயிக்க வைத்தால்தான் வேலை நடக்கும் என்ற எண்ணம் மக்களிடம் பலமாக இருக்கும். அந்த முடிவை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வது அவசரம்.

அதற்கு எதிரான உதாரணங்களும் உண்டு. விளவங்கோட்டில் மூன்று முறை ஜெயித்த விஜயதரணி 2024 பிப்ரவரி 24 அன்று காங்கிரஸிலிருந்து பா.ஜ.க.வுக்குப் போய், எம்.எல்.ஏ. பதவியையும் விட்டார். ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு நடந்த இடைத்தேர்தலில் புதுக் கட்சி அவரை நிறுத்தவில்லை, தொகுதியைக் காங்கிரஸே பெரிய வித்தியாசத்தில் தக்கவைத்துக்கொண்டது. மத்தியப் பிரதேசத்தில் அமைச்சர் பதவியோடு களத்தில் இறங்கிய மூன்று பேர் தோற்றார்கள். புதுச்சேரியில் நமச்சிவாயமும் லட்சுமிநாராயணனும் 2021இல் ஜெயித்து அமைச்சர்கள் ஆனார்கள். வெங்கடேசன் நியமன உறுப்பினர் ஆனார். ஆனால் மல்லாடி கிருஷ்ணாராவ் தான் விட்ட ஏனாமில் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமியை ஆதரித்தும், அங்கே ரங்கசாமி ஒரு சுயேச்சையிடம் தோற்றார். தே.மு.தி.க.விலிருந்து விலகியவர்களில் மாஃபா பாண்டியராஜன் அதே 2016இல் அ.தி.மு.க. சார்பில் ஆவடியில் ஜெயித்து அமைச்சர் ஆனார். கர்நாடகத்தில் இடைத்தேர்தலில் ஜெயித்தவர்களில் சிலர் 2023 பொதுத்தேர்தலில் தோற்றார்கள், சிலர் ஜெயித்தார்கள். ஒரு தேர்தல் முடிவில் ஜாதி, வேட்பாளர், பணம், மாநில அலை என்று இத்தனை காரணம் கலந்திருக்கும்போது, 'தாவியதால்' என்ற ஒன்றை மட்டும் பிரித்து நிறுத்தி அளந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் அளக்கவில்லை. விலகியவரின் சொந்தச் செல்வாக்கு என்பது அவரே நினைப்பதைவிடச் சிறியது, அதில் பெரும்பங்கு கட்சியுடையது என்று மட்டும் இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குப் படுகிறது.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ராஜினாமாவுக்கு மறுநாள் காலை ஒரு தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போயிருந்தேன், ஏதாவது பேட்டி கிடைக்குமா என்று. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு பையன் சுவரிலிருந்த படங்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வாசல்படியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் மகனின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள். எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும் என்று விடியற்காலைப் பேருந்தில் வந்திருந்தார். அவரிடம் "சார் இப்ப எம்.எல்.ஏ. இல்லம்மா" என்று அந்தப் பையன் மூன்று முறை சொன்னான். அந்த அம்மா மூன்று முறையும், "அப்ப யாருப்பா எம்.எல்.ஏ.?" என்று கேட்டார். யாரும் இல்லை என்பதுதான் பதில். அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆட்சி மாற்றம், கூட்டணிக் கணக்கு என்று நான் எழுதிய எத்தனையோ செய்திகளில் இந்த 'யாரும் இல்லை' ஒரு வரியாகக்கூட வந்ததில்லை.

சட்டப்படி, காலியான தொகுதிக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். ஆனால் மீதிப் பதவிக்காலம் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. வழக்கு நடந்தாலும் தள்ளிப்போகும். மேலே சொன்ன 18 தமிழ்நாட்டுத் தொகுதிகளுக்கு 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரை எம்.எல்.ஏ. கிடையாது. கர்நாடகத்தின் மஸ்கி தொகுதி இதைவிடவும் நீண்டது. 2018இல் அங்கே காங்கிரஸின் பிரதாப் கௌடா பாட்டீல், பா.ஜ.க.வின் பசனகௌடா துர்விஹாளை வெறும் 213 ஓட்டில் தோற்கடித்தார். அந்த வெற்றியை எதிர்த்து வழக்கு இருந்தது. 2019 ஜூலையில் பாட்டீல் பதவியிழந்தபோது, அந்த வழக்கினால் மற்றத் தொகுதிகளோடு மஸ்கிக்குத் தேர்தல் வரவில்லை. 2021 ஏப்ரல் 17 அன்றுதான் ஓட்டுப்பதிவு. அதற்குள் இருவரும் கட்சி மாறியிருந்தார்கள். பாட்டீல் பா.ஜ.க.வில், துர்விஹாள் காங்கிரஸில். அதே இரண்டு பேர், சின்னம் மட்டும் இடம் மாறியது. துர்விஹாள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கொரோனாவின் முதல் அலை முழுக்க அந்தத் தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் ஒரு குரல் இல்லை. அந்த வித்தியாசத்துக்கு இந்தக் காலி நாற்காலியும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்புறம், உங்கள் எம்.எல்.ஏ. செய்தது நேர்மையா என்ற கேள்வி. பதவியை வைத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் உட்காருவதைவிட விட்டுவிட்டுப் போவது மேல் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் நேர்மையை நாள்காட்டியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1980இல் உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் எச்.என். பகுகுணா இந்திரா காங்கிரஸை விட்டபோது, அந்தக் கட்சி சின்னத்தில் ஜெயித்த கட்வால் எம்.பி. பதவியையும் விட்டார். அப்போது கட்சித் தாவல் தடைச் சட்டமே கிடையாது, அவரை யாரும் கேட்டிருக்க முடியாது. ஆளும் கட்சியை எதிர்த்து இடைத்தேர்தலில் நின்றார். 1981இல் நடந்த வாக்குப்பதிவில் முறைகேடு என்று தேர்தல் ஆணையமே அதை ரத்து செய்தது. 1982இல் மறுபடி நடந்தபோது ஜெயித்தார். பதவிக்காலம் நிறைய மீதி இருக்கும்போது, ஆளும் கட்சியின் பலம் தன் பக்கம் இல்லாதபோது, அதே மக்களிடம் திரும்பப் போனார். ராஜினாமா என்ற சொல்லுக்கு முழுப் பொருள் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

2016இல் அந்தப் பத்துப் பேர் விலகியது பொதுத்தேர்தலுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால். புதுச்சேரி ராஜினாமாக்களும் தேர்தலுக்குச் சில வாரம் முன்புதான். 2025 நவம்பரில் ஆலங்குளம் மனோஜ் பாண்டியன் தி.மு.க.வுக்குப் போனபோதும், கோபிசெட்டிபாளையம் செங்கோட்டையன் த.வெ.க.வுக்குப் போனபோதும், இருவரும் எம்.எல்.ஏ. பதவியை முறையாக விட்டார்கள். அப்போது சபைக்கு ஒரு வருடத்துக்கும் குறைவான காலமே மீதி, இடைத்தேர்தல் வராது. இவர்களில் யாருடைய எண்ணத்தையும் நான் தப்பாகச் சொல்லவில்லை. தொகுதி மக்களுக்கு உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத நேரம் அது என்பது மட்டும் எண்ணத்தைச் சாராத உண்மை.

விலகுகிறவர் அந்தச் சபையின் மீதிக் காலம் முழுக்க எந்தக் கட்சியிலும் போட்டியிடக் கூடாது, அமைச்சராகவும் கூடாது என்று சட்டம் திருத்த வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நானும் சில வருடம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. அப்படிச் செய்தால், கட்சித் தலைமையோடு உண்மையான கொள்கைச் சண்டை போட்டு விலகுகிற ஒரு பகுகுணாவுக்கும் கதவு அடைபடும். அமைச்சர் பதவிக்கான தடையை ராஜினாமா செய்தவருக்கும் நீட்டிப்பது, அதாவது மறுபடி ஜெயித்து வந்தால் மட்டும் பதவி என்பது, குறைந்த சேதத்தில் நிறையத் தடுக்கும் என்று நினைக்கிறேன். காலியான தொகுதிக்கு இடைத்தேர்தலை இன்னும் விரைவாக நடத்தவும் வழி வேண்டும்.

உங்கள் தொகுதி விஷயத்தில் நீங்கள் இப்போது பார்க்க வேண்டியது இரண்டு தேதிகள். ஒன்று, சபாநாயகர் கடிதத்தை ஏற்ற தேதி. கடிதம் கொடுத்ததாகச் செய்தி வந்தால் போதாது. ஏற்ற பிறகு சட்டமன்றச் செயலகம் தொகுதி காலி என்று அறிவித்துத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்கும். ஆறு மாதக் கணக்கு தொகுதி காலியான தேதியிலிருந்து ஓடும். இன்னொன்று, உங்கள் சட்டமன்றத்தின் பதவிக்காலம் முடியும் தேதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் உங்களுக்கு இடைத்தேர்தல் உண்டு. அதுவரை குடிநீர், ரோடு, மருத்துவ உதவி மனுக்களை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் உங்கள் எம்.பி. அலுவலகத்திலும் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடைத்தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், அந்தச் சீட்டுகளை அவர் கையில் கொடுத்துப் பேச்சை ஆரம்பிக்கலாம்.